தொட்டுப் பார்த்ததாக எழுதப்பட்ட வயிறு

என் பித்தப்பையிலிருந்து எடுத்த பதினோரு கற்களை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியில் என் பெயரையும் வயதையும் எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். சேலத்தில் அந்தத் தனியார் மருத்துவமனை எங்களுக்குக் கொடுத்தவற்றில் நம்பத்தகுந்தது அந்த டப்பா ஒன்றுதான். வெளியே எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போயின. காகிதங்கள் அப்படி இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அறிக்கையின் கடைசி வரி, ஆங்கிலத்தில், நோயாளி வலியின்றி நல்ல நிலையில் வீடு திரும்புகிறார் என்று சொன்னது. அதைப் படித்தபோது நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமாக உடம்பை மடக்கினால் உள்ளே ஏறலாம் என்று யோசித்தபடி பாதி குனிந்து நின்றிருந்தேன்.

அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். படிவத்தின் கடைசி வரியை யாரும் யாரையும் பார்த்து எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே எங்கள் தோட்டத்திலேயே வீடு. மஞ்சளும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் போட்டிருக்கிறோம். முதல் இரண்டு வாரமும் உறவுக்காரர்கள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்ததைவிடக் கற்களைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு தட்டில் கொட்டி, மஞ்சள் ஏலத்தில் மாதிரி காட்டுகிறவர் போல விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவார். ஒருவர் ஒரு கல்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, நல்ல கெட்டி என்று தரம் சொன்னார். கல் போய்விட்டது, எனவே வலியும் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

பழைய வலி போனது உண்மைதான். அதை மறுக்கக் கூடாது. அது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரும், முதுகைச் சுற்றித் தோள்வரை ஏறும், இரண்டு மணி நேரம் என்னைத் தரையில் உருட்டும். அது திரும்ப வரவே இல்லை. அதன் இடத்துக்குப் புதிதாக ஒன்று வந்திருந்தது. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்கு மூன்று விரல் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். புடவையில் குத்திய ஊக்கு உள்ளுக்குள் திறந்துகொண்டால் எப்படிக் குத்துமோ அப்படி. திரும்பினால் குத்தும். தும்மினால் குத்தும். சில நாள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும், நானும் இருக்கிறேன் என்று ஒரு தரம் குத்தி நினைவூட்டும்.

ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் அறுவை செய்த டாக்டர். ஆறு வாரம் ஆயிற்று. பிறகு மூன்று மாதம் என்றார். அதுவும் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் சேலம் போய், டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே கூப்பிட்டதும் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்துகொள்வோம். நடுவில் அவருடைய கம்ப்யூட்டர். என் வயிற்றைப் பற்றி அவர் அதனிடம்தான் விசாரித்தார். வயிற்றுக்கு மேலே ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குகை மாதிரி ஒரு எந்திரத்துக்குள் தள்ளி, மூச்சைப் பிடி, விடு என்று கட்டளையிட்டுப் பித்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல்.

"உள்ளே ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார் டாக்டர்.

"இருந்ததைத்தான் நீங்க எடுத்துட்டீங்களே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாயுவுக்கு மாத்திரை எழுதினார்.

நான் நடைமுறை தெரிந்தவள். ஒரு கோரிக்கை நிற்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டேன். வலி வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அதற்கு முன் சாப்பிட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது. நாலு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். எழுதியதைக் கூட்டிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்த வலிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெயில் மிதந்த கறிக்குழம்பு தின்ற நாளிலும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, பின்னால் இருந்த சொம்பை எடுக்கத் திரும்பியபோது உயிர் போயிற்று. திரும்புவது, குனிந்து நிமிர்வது, இருமுவது. இவை மூன்றுதான் பதிவேடு முழுக்க.

டாக்டர் அந்த நோட்டைக் கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோலப் புரட்டினார். நாலு பக்கம் ஒன்றாகப் புரண்டது.

"இவ்ளோ கவனிச்சுக்கிட்டே இருந்தா வலி வராம என்ன செய்யும் மேடம்" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அது ஐந்தாவது வருகை. கூடவே ஒரு கடிதமும் கொடுத்தார், மனநல மருத்துவருக்கு.

காரில் திரும்பி வரும்போது, ராசிபுரம் தாண்டியதும் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்புள்ள, அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குமோ என்னமோ" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், அவர் என் விலாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் நாத்தனாருக்கு அவ்வளவு தயக்கம் கிடையாது. வீட்டுக்காரரின் அக்கா அவர், குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு நாள் தங்கிப் போகலாமென்று வந்திருந்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருக்க, கூடத்திலிருந்து தம்பியிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

"ஆபீசுல இருந்தப்ப நாலு ஊரு சனம் முன்னால வந்து நின்னுது. இப்ப ஒருத்தரும் வாரதில்ல. அதான் ஒடம்பு ஆளக் கூப்புடுது."

நல்ல வாக்கியம். நானே எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அதைக் கேட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தோலைக் குப்பைக் கூடையில் போடத் திரும்பியதும் ஊக்கு குத்தியது. அப்போதுதான், பத்து மாதத்தில் முதல் தடவையாக, ஒரு சந்தேகம் வந்தது. குத்தியதா, அல்லது குத்தும் என்று நான் எதிர்பார்த்ததால் குத்தியதா? கூடைப் பக்கம் மறுபடி திரும்பிப் பார்த்தேன். குத்தியது. இன்னொரு தரம் திரும்பினேன். குத்தியது. ஆனால் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன், அந்தச் சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன்.

வலியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வலி கிடக்கட்டும், அதோடு வாழ்ந்துகொள்ளலாம். என் உடம்பில் நடப்பது எனக்கே தெரியவில்லை என்று ஆகிவிட்டால் அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம்? வேறு யாராவது ஒருவர் பார்த்து, வலி இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். குணமாக்க வேண்டாம். எழுதினால் போதும். அந்த ஒரு வரியை வாங்காமல் விடுவதில்லை என்று வெங்காயத்தின் முன்னால் முடிவு செய்தேன்.

முறைப்படி, கடிதத்தை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடமே முதலில் போனேன். மேலிடம் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் மேல்முறையீடு செய்தால் அது நிற்காது. அவர் அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டார். பதினோரு மாதத்தில் அதுவே சாதனை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். தூக்கம், பசி, அழுகை, செத்துவிடலாம் என்ற நினைப்பு, எல்லாம் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: வலிக்கிற இடத்தை இதுவரை யார் தொட்டுப் பார்த்தார்கள்? நான் யோசித்தேன். ஸ்கேன் எடுத்த பெண் பசை தடவி ஒரு கருவியால் தேய்த்தாள். அதைத் தவிர யாருடைய கையும் ஞாபகம் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, எனக்கு மனநோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றை நாத்தனார் கண்ணில் படுகிற மாதிரி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போய், என் சிகிச்சைப் பதிவுகளின் நகல் கேட்டு மனுக் கொடுத்தேன். நோயாளி கேட்டால் கொடுத்தாக வேண்டும். பத்தி எண் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். பதிவறையில் இருந்த பெண், இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையே மேடம் என்றாள். அதனால்தான் கேட்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் கட்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மேசைமேல் பரப்பினேன். ஐந்து வருகைக்கும் ஐந்து பக்கம். ஐந்திலும் ஒரே வாசகம்: வயிறு பரிசோதிக்கப்பட்டது, மென்மையாக உள்ளது, அழுத்தினால் எங்கும் வலி இல்லை. நாலாவது வருகையிலும், தையல் காய்ந்து வருகிறது என்றுகூட இருந்தது. தையல் பிரித்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. முதல் பக்கத்தை அப்படியே எடுத்து மற்ற நாலிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. சிரித்ததும் ஊக்கு குத்தியது, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்காரர், மனநல மருத்துவரின் சான்று இருக்கும் இடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாசகம் எனக்கு அந்நியமானது அல்ல. எங்கள் துறையில் அதற்குப் பெயர் புலத்தணிக்கை. மனுவில் சொன்ன நிலத்துக்கு அலுவலர் நேரில் போய்க் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதுவது. போக வேண்டும் என்பது விதி. வருஷக் கணக்கு முடிக்கிற ஜமாபந்தி நெருங்கும்போது மேசையில் மனுக்கள் முழங்கை உயரம் நிற்கும். ஜீப்புக்கு டீசல் இருக்காது. கிராமத்திலிருந்து வந்த அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு, புலத்தணிக்கை மேற்கொண்டதில், என்று ஆரம்பித்துவிட்டால் போதும், மீதி வாக்கியங்கள் தானாக வந்து விழும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நான் தணிக்கை செய்த நிலங்களைச் சேர்த்தால் பல கிராமம் அடங்கிய ஒரு பிர்காவே தேறும்.

அதில் ஒரு மனு என்னோடு தங்கிவிட்டது. தம்மம்பட்டி ரோட்டில், கொல்லிமலை அடிவாரத்துப் பக்கம், ஒரு பெரியவரின் விளைநிலம், எங்கள் பக்கம் காடு என்போம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்து நிலத்து ஓரமாகப் போன வண்டித்தடம்தான் அதற்கு வழி. பக்கத்து நிலத்துக்காரர் கல் நட்டு முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். பெரியவர் மனுக் கொடுத்தார். புலத்தணிக்கை மேற்கொண்டதில் அப்படியொரு தடம் காணப்படவில்லை என்று எழுதி, மனுவை நிராகரித்தேன். ஒரு வாரம் கழித்து, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மிணி, நீங்க வந்து பாக்கவே இல்லீங்களே."

பார்க்காமல் எழுதுவோமா, ஒப்புதல் இல்லையென்றால் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள் என்று சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒருவாட்டி அந்தத் தடத்துல நடந்து பாருங்க சாமி. காலே சொல்லும்."

அடுத்த மனுவைக் கூப்பிட்டேன்.

இவ்வளவும் ஞாபகம் வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது தைரியம். டாக்டர் என்னை நம்பாமல் இல்லை, என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்குப் பழகிய இடம். நாற்காலியில் உட்கார்ந்து தணிக்கை செய்கிறவரை எப்படி எழுப்புவது என்பது, அப்படி உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எந்த மனுதாரரும் என்னிடம் அதைச் செய்ததில்லை. செய்திருந்தால் நான் எழுந்திருப்பேன்.

ஆறாவது முறை போனேன். டோக்கன், இரண்டு மணி நேரம், கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்காரவில்லை. அறை ஓரத்தில், பச்சைத் துணி விரித்த ஒரு கட்டில் உண்டு. அதன்மேல் எப்போதும் ஃபைல்கள்தான் படுத்திருக்கும். அவற்றை எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு, படியில் கால் வைத்து ஏறி, மல்லாந்து படுத்துக்கொண்டேன். செவிலியர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"மேடம், ரிப்போர்ட்டெல்லாம் இங்கயே பாத்துட்டேன். எழுந்து வாங்க" என்றார் டாக்டர்.

"அஞ்சு தடவ தொட்டுப் பாத்ததா எழுதியிருக்கீங்க டாக்டர். எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லீங்க. ஆறாவதை ஞாபகம் இருக்கிற மாதிரி தொடுங்க. எழுந்திருச்சுக்கறேன்."

வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றார். நானும் பதினோரு மாதம் அவர்களில் ஒருத்தியாகக் காத்திருந்தவள்தான் என்றேன். கையில் இருந்த ஐந்து பக்கத்தையும் வீட்டுக்காரர் எழுந்து போய் மேசைமேல் வைத்தார். அவர் வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் குனிந்து பார்த்தார். நாலாவது பக்கத்தில் தையல் வரியில் விரல் நின்றது. காது சிவந்தது.

"அது டெம்ப்ளேட் மேடம். தானா வந்துரும்."

"தெரியுமுங்க. நானும் ஒண்ணு வெச்சிருந்தேன்."

அவர் எழுந்து வந்தார். முதலில் உள்ளங்கையால் வயிறு முழுக்க அழுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையே என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போது, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த ரூபாய் நாணயத்தின் மேல் வைத்தேன். துளையிட்ட நாலு தழும்பில் ஒன்று அதற்கு அரை அங்குலம் தள்ளி இருந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அதன் பிறகு நான் போட்ட சத்தம் வெளியே இருந்த முப்பது பேருக்கும் கேட்டிருக்கும்.

இறக்கச் சொன்னார். மறுபடி தூக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வலி உள்ளே இருந்தால், வயிற்றுத் தசையை இறுக்கும்போது அது கேடயம் மாதிரி தடுத்து வலியைக் குறைக்கும்; இறுக்கும்போது கூடுகிறது என்றால் வலி உள்ளே இல்லை, வயிற்றுச் சுவரிலேயே இருக்கிறது; தழும்பில் ஒரு சின்ன நரம்பு மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்; எந்த ஸ்கேனிலும் அது தெரியாது என்று சொன்னார். பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். திரும்புவது, குனிவது, இருமுவது. இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் புரண்டது.

அதே இடத்தில் மரத்துப்போகிற ஊசி ஒன்றைப் போட்டார். கால் மணி நேரத்தில் அந்த இடம் காணாமல் போயிற்று. எழுந்து நின்று, ரோட்டைக் கடக்கப் போகிறவள் போல இடது பக்கமும் வலது பக்கமும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எதுவும் வரவில்லை.

"எழுதிடுங்க டாக்டர்" என்றேன்.

எழுதினார். பழைய ஐந்தை அழிக்கட்டுமா என்று கேட்டார். பதிவில் எதையும் அழிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அச்செடுத்த தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். நேரில் பரிசோதித்தேன், வலி உள்ளது. அவ்வளவுதான். அந்தத் தாளை இதுவரை யாரிடமும் காட்டவில்லை. காட்ட வேண்டிய ஒருத்தியிடம், எனக்கே, காட்டியாகிவிட்டது.

இதோடு குணமானது என்று முடித்திருந்தால் மருத்துவமனையின் கடைசி வரிக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. ஒன்பதாம் நாள் வலி திரும்பி வந்தது, பாதி பலத்தோடு. இரண்டாவது ஊசி ஒரு மாதம் தாங்கியது. மூன்றாவது ஒன்றும் செய்யவில்லை. நரம்பை வெட்டிவிட ஒரு சின்ன அறுவை உண்டு என்கிறார் டாக்டர், அதில் வலி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார். நேர்மையாகச் சொல்கிறார் என்பதால் நானும் நேர்மையாகச் சொல்லிவிட்டேன்: என் வயிற்றில் இப்போதைக்கு வேறு யாருக்கும் பட்டா கொடுப்பதாக இல்லை.

வருஷம் இரண்டாகப் போகிறது. பாவாடை முடிச்சை இடது பக்கம் போடுகிறேன். காரில் பெல்ட்டுக்கும் விலாவுக்கும் நடுவில் சின்னத் தலையணை. இருமல் வந்தால் முழங்காலை மடக்கிக்கொள்கிறேன். வீட்டிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் எத்தனை வேகத்தடை, அவற்றில் எது சட்டப்படி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டைப் பற்றி எழுதிப்போட்டு ஒன்றைச் சீவ வைத்தேன். எண்ணெய் வேண்டாம் என்று சொன்ன உறவுக்காரர்கள் முன்னால் இரண்டாவது வடையையும் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனார் போன மாதம் வந்தபோது, இன்னுமா வலிக்குது என்றார். இன்னுந்தானுங்க, உட்காருங்க, காபி போடறேன் என்றேன். உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்.

வெட்கம் பிறகு வந்தது என்றேன். அது வந்த நாளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தம்மம்பட்டி ரோட்டில் போனேன். வேகத்தடை ஒவ்வொன்றும் குத்தியது. குத்தட்டும் என்று போனேன். பெரியவர் இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டதாம். அவர் மருமகள் காட்டில் கிழங்கு பிடுங்கி, மூட்டையைத் தலையில் வைத்து வரப்பு வழியாக ரோட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார். யார் என்று சொல்லாமல், தடம் எங்கே என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார்.

முள்கம்பிக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரரின் குச்சிக்கிழங்கு ஆளுயரம் நின்றது. ஓரமாக ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும், ரோட்டிலிருந்து இந்தக் காடுவரை நேராக, செடிகள் முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நின்றன. எத்தனையோ வருஷம் சக்கரம் ஓடி இறுகிய மண்ணில் கிழங்கு எப்படி இறங்கும்? கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். குனிந்ததற்கான தண்டனையை வாங்கிக்கொண்டு நடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். இரண்டு பக்கமும் பொதபொதவென்று இருந்த மண் நடுவில் தரை மாதிரி கெட்டித்தது. காலே சொன்னது.

திரும்பி வந்து, தடம் இல்லை என்று எழுதியது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் மூட்டையை இறக்கி வைத்தார்.

"மாமா சாகற மட்டும் உங்களத்தான் சொல்லிட்டிருந்தாருங்க."

"வஞ்சாரா?"

"இல்லீங்க. அந்தம்மா வந்து பாத்திருந்தா அப்படி எழுதியிருக்காதுன்னு."

திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப வந்து பாத்து என்னங்க பண்றது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இப்போது அதிகாரம் எதுவும் இல்லை. நடைமுறை தெரியும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். உட்கார்ந்து எழுதினால் அரை மணி நேரத்தில் ஊக்கு வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், ஃபிரிட்ஜின் மேல் அட்டை வைத்து நின்றபடி எழுதினேன். கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு, அந்தப் பெண்ணின் பெயரில். கூடவே காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்று, என் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. முதல் காரணம்: கீழமை அலுவலர் புலத்தணிக்கை செய்யவில்லை. செய்ததாக எழுதிய அந்த அலுவலர் நானே.

வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். இதனால் எனக்கு ஏதாவது வருமா என்று கேட்டார். வரலாம், வந்தால் பதில் எழுதத் தெரியும் என்றேன்.

"அந்த ஆபீசருங்க நேருல வந்து பாப்பாங்களா?"

"வல்லீன்னா, சேலத்துல கட்டில்ல படுத்தேனில்ல, அந்தத் தடத்துலயும் போய்ப் படுத்துக்குவேன்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. விலாவைப் பார்த்தார்.

"அப்ப எடப்பக்கமாப் படு புள்ள" என்றார்.